நேரத்தை விலைக்கு வாங்கிய கௌதமி

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் படியேறிக்கொண்டிருந்தேன். காலைக் கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. அப்போதுதான் கௌதமியின் தம்பி ஆனந்த் கைப்பேசியில் அழைத்தான். அந்த நேரத்தில் அவன் என்னை அழைப்பதே இல்லை.

“ரகுண்ணா, அக்கா பூட்டாண்ணா.”

அன்று முற்பகல் நானும் கௌதமியும் எம்.ஜி. ரோட்டில் ஒரு வாடிக்கையாளரைச் சந்திப்பதாக இருந்தது. “அதுக்குள்ள கிளம்பிட்டாங்களா? நான் இப்பதான் ஸ்டேஷனுக்கே வரேன்” என்றேன்.

“இல்லண்ணா. டீ கேட்டா. போட்டு எடுத்துனு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டா” என்றான்.

படியிலேயே நின்றுவிட்டேன். மேலே ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்டின் டவுனுக்குப் போனேன்.

அந்தச் சந்தில் ஏற்கெனவே நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளை உடுத்திய பௌத்தப் பெரியவர்கள் பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தின் கேபிள் தொழில் தோழர்கள் ஒரு பக்கம். முதுகுப் பையோடு நம் ஆட்கள், இந்த ஊரில் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் சேர்ந்து கேம் செய்கிறவர்கள், இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வருகிறவர்களிடமெல்லாம், “கம்ப்யூட்டர்ல கேம் போடும் இந்தப் பொண்ணு. சொந்தமா கம்பெனி வச்சிருந்துச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஆட்களில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “பெரிய முதலீடு எதுவும் இல்லாம இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாங்க ரகு?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கௌதமியைத் தெரிந்தவர்கள் இதில் தங்களுக்குத் தெரிந்த கௌதமியைக் காண்பீர்கள். தெரியாதவர்களுக்கு, குறிப்பாகச் சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டு அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இது கொஞ்சம் உபயோகமாகவும் இருக்கும். உபயோகமில்லாத அஞ்சலியை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

நாங்கள் சந்தித்தது ஒரு பெரிய நிறுவனத்தில். வெளிநாட்டுக் கேம்களுக்கு இங்கிருந்து ஓவியமும் நிரலும் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. நான் நிரல் எழுதினேன். கௌதமி கல் வரைந்தார். உண்மையாகவே கல்தான். போர் விளையாட்டுகளில் மலையடிவாரத்தில் கிடக்கும் பாறைகள், உடைந்த மதிற்கற்கள், ஆற்றோரக் கூழாங்கற்கள். ஒருநாள் உணவு இடைவேளையில் சொன்னார்: “நான் வரைஞ்ச கல்லுக்குப் பின்னாடி உலகம் பூரா பசங்க ஒளிஞ்சினு சுடறாங்க ரகு. ஒருத்தன்கூட அந்தக் கல்லைப் பார்த்திருக்க மாட்டான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த மாதமே வேலையை விட்டார். எங்கள் ஒலிப் பிரிவில் இருந்த மஞ்சுநாத்தையும் என்னையும் கூடவே இழுத்துக்கொண்டார். ஈஜிபுராவில் முட்டை மொத்த வியாபாரக் கடைக்கு மேல் ஓர் அறை எடுத்தோம். மாடி ஏறும்போது கௌதமிக்கு மூச்சு வாங்கும். சிறு வயதில் வந்த காய்ச்சல் அவர் இதய வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. நடுவில் ஒரு தடவை நின்று, ஏதோ முட்டைத் தட்டுகளைப் பார்வையிடுபவர் போலப் பாவனை செய்துவிட்டு, மறுபடி ஏறுவார்.

எங்கள் கேமின் பெயர் ‘மாடிக்கு மாடி’. ஈஜிபுரா மாதிரியான ஒரு நெருக்கடியான பேட்டையில் நீங்கள் ஒரு கேபிள்காரர். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, புறாக் கூண்டு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு மாடிக்கு மாடி ஒயர் இழுத்து, மேட்ச் தொடங்குவதற்குள் எல்லா வீட்டிலும் படம் தெரியவைக்க வேண்டும். ஆனந்த் வேலை செய்வதைப் பார்த்தே வளர்ந்த கௌதமிக்கு அதை யோசிக்கச் சிரமமே இருக்கவில்லை. வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவருக்கு அது பிடித்துப்போய், மாதாமாதம் பணம் அனுப்ப ஒப்புக்கொண்டார்.

பாதி வேலை முடிந்திருந்தபோது அந்தப் பணம் நின்றது. அவர்கள் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டதாக நாலு வரியில் ஒரு மின்னஞ்சல். மஞ்சு அதை இரண்டு முறை உரக்கப் படித்தான். நான் மனத்துக்குள் பழைய நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன். கௌதமி கீழே போய்ப் பேக்கரியில் காரா பன் வாங்கிவந்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

“கேம் பண்றதுக்கு நமக்கு வேண்டியது நேரம். இத்தனை நாள் அதை அவங்க வாங்கிக் குடுத்தாங்க. இனிமே நாமளே வாங்கணும். அவ்ளோதான்” என்றார்.

“எதை வச்சு வாங்கறது?” என்றேன்.

“அதைத்தான் இப்ப பார்க்கப் போறோம். நம்மகிட்ட என்ன இருக்கு?”

எங்களிடம் ஒன்றுமில்லை என்றுதான் நானும் மஞ்சுவும் நினைத்தோம். கௌதமி தன் கணினியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். கேமுக்காக அவர் செய்த பொருட்கள் வரிசையாக நின்றன. நீலத் தொட்டி, கறுப்புத் தொட்டி, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, டிஷ் ஆன்டெனா, துளசி மாடம், கோலம், இட்லித் தட்டு, மூன்று நிறத்தில் ஆட்டோ. பாதிக்கு மேல் நாங்கள் கேமில் பயன்படுத்தாமல் ஒதுக்கியவை.

“இந்தியத் தெரு வேணும்னு தேடறவனுக்கு இப்ப என்ன கிடைக்குது? ஒரு யானை, ஒரு அரண்மனை. தண்ணித் தொட்டி யாரு செஞ்சி வச்சிருக்கா?” என்றார்.

கேம் செய்கிறவர்களுக்கு உருவங்களும் ஒலிகளும் விற்கும் இணையக் கடைகள் இருக்கின்றன. அங்கே அவற்றைத் தொகுப்பாகப் போட்டு விற்பது என்று முடிவு செய்தார். நான் எதிர்த்தேன். நம் கேமில் இருக்கும் தொட்டி இன்னொருவர் கேமில் இருந்தால் நமக்கு என்ன தனித்துவம் என்று கேட்டேன். “தொட்டி தனித்துவம் இல்ல ரகு. அந்தத் தொட்டிக்குப் பின்னாடி ஒயர் எப்படிப் போகுதுங்கறதுதான் நம்ம கேம்” என்றார்.

மஞ்சுவும் தன் பங்குக்குக் குக்கர் விசில், ஆட்டோ திரும்பும் ஓசை, காய்கறி வண்டிக்காரரின் குரல், மாடியில் பாய் உதறும் சத்தம் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக்கினான். காய்கறிக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று கௌதமி பிடிவாதமாக இருந்தார். நான் ஒயர் தொங்குவதற்கும் ஆடுவதற்கும் எழுதியிருந்த நிரலைத் தனியே பிரித்து, மற்றவர்கள் பயன்படுத்தும்படி எளிமையாக்கி விற்பனைக்கு வைத்தேன். முதல் விற்பனை எங்கோ தூர தேசத்திலிருந்து வந்தது. நீலத் தொட்டி. அன்று கௌதமியின் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை ‘மாடிக்கு மாடி’ வெளிவந்த நாளில்கூட நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஒரு விதியும் போட்டார். காலை நேரம் முழுக்க எங்கள் கேமுக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிறருக்குச் செய்து தரும் கூலி வேலை. காலையில் எந்த வாடிக்கையாளர் அழைத்தாலும் எடுப்பதில்லை. கைப்பேசி மேசைமேல் அதிரும். மஞ்சு தவிப்பான். கௌதமி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். “காலையில மூளை புதுசா இருக்கு. புதுசை ஊருக்குக் குடுத்துட்டு மிச்சத்தை நம்ம கேமுக்குப் போட்டா அது எப்படி நல்லா வரும்?” கூடுதலாகச் சம்பாதிக்கப் போய்ச் சொந்தக் கேமையே மறந்துபோன எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன். நாங்கள் மறக்காமல் இருந்தது இந்த விதியால்தான்.

முயன்ற எல்லாமே பலித்தது என்று நினைக்க வேண்டாம். தொட்டிப் படம் போட்ட டீ சர்ட்டுகள் அடித்தோம். யாரும் வாங்கவில்லை. கடைசியில் ஆனந்தின் தோழர்கள் அதைச் சீருடை மாதிரி போட்டுக்கொண்டு கம்பம் ஏறினார்கள். கேம் செய்வதை நேரலையாகக் காட்டினால் ரசிகர்கள் பணம் அனுப்புவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தோம். கௌதமி வரையும்போது வாயே திறக்க மாட்டார். பார்த்தவர்கள் ஒலி வேலை செய்யவில்லை என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

பலித்தது, நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று. ஒரு கண்காட்சியில் எங்கள் கேமை ஆடிப் பார்த்த ஒரு ஜோடி, தங்கள் கல்யாண வரவேற்புக்கு ஒரு சின்னக் கேம் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை ஈஜிபுரா, பெண் அல்சூர். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் கிளம்பி, பள்ளம், தண்ணீர் லாரி, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய குழி எல்லாம் தாண்டி மண்டபம் வந்து சேர வேண்டும். வழியில் மல்லிகைப் பூ சேர்க்கலாம். விருந்தினர்கள் கைப்பேசியிலேயே ஆடும்படி செய்தோம். மஞ்சு அதற்கு நாதஸ்வரத்தையும் ஹாரன் சத்தத்தையும் கலந்து ஓர் இசை போட்டான்.

வரவேற்பன்று நாங்கள் மூவரும் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமா, பட்டு வேட்டியும் பெரிய மோதிரமுமாக இருந்தவர், அவரும் ஆடினார். ஸ்கூட்டர் பள்ளத்தில் விழுந்தது. திரையில் ‘முகூர்த்தம் தவறியது’ என்று வந்தது. அதை எழுதியது நான்தான். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“யாருமா இதைச் செஞ்சது?” என்று அவர் போட்ட சத்தத்தில் பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பினார்கள். “கல்யாண வூட்ல இன்னா வார்த்தைமா இது? மாப்பிள்ளை பள்ளத்துல வுழறாரு, முகூர்த்தம் தவறுதுன்னு எழுதிக்கிறீங்க. அபசகுனமா இல்ல?”

பெண்ணின் அம்மா முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை மேடையிலிருந்து எங்களைப் பார்க்கிறார். நான் ஏதோ சமாதானம் சொல்ல எழுந்தேன். கௌதமி என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அவரிடம் போனார்.

“நீங்க சொல்றது கரெக்ட்டு மாமா. எங்க தப்புதான். ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிடுங்க, அதுக்குள்ள மாத்திக் காட்றேன்.”

திரும்பி வந்து, “பள்ளத்துல வுழுந்தா கேம் முடியக்கூடாது. பொண்ணு வரட்டும்” என்றார். “எங்கேர்ந்து?” என்றேன். “அல்சூர்லேர்ந்துதான். அவகிட்ட ஸ்கூட்டர் இல்லையா?” அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கௌதமி மணப்பெண்ணை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வரைந்தார். நான் நிரலை மாற்றினேன். தாய்மாமா ஐஸ்க்ரீமை முடித்துவிட்டு மறுபடி ஆடினார். ஸ்கூட்டர் பள்ளத்தில் விழுந்தது. எதிர்த்திசையிலிருந்து பட்டுப் புடவையில் மணப்பெண் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். “டேய், நம்ம பொண்ணு வந்து ஏத்தினு போவுதுடா!” என்று கத்தினார். அதற்குப் பிறகு மண்டபத்தில் யாரும் பள்ளத்தைத் தாண்ட முயலவே இல்லை. எல்லாரும் வேண்டுமென்றே விழுந்தார்கள்.

அந்த ஒரு வரவேற்பிலிருந்தே அடுத்தடுத்துக் கல்யாண வேலைகள் வந்தன. அதைவிட முக்கியமான ஒன்றும் வந்தது. மறுநாள் காலை ‘மாடிக்கு மாடி’யைத் திறந்துவைத்துக்கொண்டு கௌதமி சொன்னார்: “தோத்தவனைத் திட்டி அனுப்பக் கூடாது ரகு. யாராவது கை குடுக்கணும்.” எங்கள் கேமில் ஒயர் அறுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். அதை மாற்றினோம். ஒயர் அறுந்தால் அந்த மாடியில் இருக்கும் யாரோ ஒருவர், துணி உலர்த்தும் அம்மாவோ, புறா வளர்க்கிறவரோ, வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். பின்னாளில் ஆடியவர்கள் எல்லாரும் புகழ்ந்து எழுதியது அந்த இடத்தைத்தான். கூலி வேலை சொந்த வேலையைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது கடினமானது. இதை எழுதலாமா என்று ஆனந்திடம் கேட்டேன். “எழுதுங்கண்ணா. அக்காவே எல்லார்கிட்டயும் சொல்லுவா” என்றான்.

கல்யாண சீசன் முடிந்து, கையில் எந்த வேலையும் இல்லாமல் இருந்தபோது, காசு வைத்து ஆடும் சீட்டாட்டச் செயலி நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் அறைக்கு வந்தார்கள். ஒரு வருட வேலை. நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர்கள் சொன்ன தொகை நாங்கள் எங்கேயும் கேட்டிராதது. வேலையும் சுலபம். சீட்டுகள், நாணயங்கள் கொட்டும் காட்சி, கொஞ்சத்தில் ஜெயிக்கத் தவறியதுபோல் தோன்றவைக்கும் ஓசைகள். அவர்களில் ஒருவர் விளக்கினார்: “தோத்தாலும் அடுத்த ஆட்டம் நம்மளுதுன்னு ஃபீல் வரணும் மேடம்.”

கௌதமி அவர்களுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் குடித்து முடித்ததும், “இது எங்களால முடியாதுங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. அவர்கள் தொகையை உயர்த்தினார்கள். மறுபடியும் அதையே சொன்னார்.

அவர்கள் படியிறங்கியதும் மஞ்சு கன்னடம் கலந்து வெடித்தான். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம் அது. “யாக்கே கௌதமி? யாக்கே பேடா, ஏன் வேணாம்? ரென்ட் யாரு குடுப்பாங்க? நாம கார்டுதானே வரையப் போறோம். யாரையும் ஆடச் சொல்லலையே!”

கௌதமி அவனை உட்காரச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். ஆனந்த் அப்படி ஒரு செயலியில் மாட்டிக்கொண்டு, முதலில் சம்பளத்தை விட்டிருக்கிறான். பிறகு வண்டியை. பிறகு அம்மாவின் சங்கிலியை.

“கடைசியா ஏணியை வித்தான் மஞ்சு. கேபிள்காரன் ஏணியை விக்கறான்னா என்ன அர்த்தம், நீயே சொல்லு.”

மஞ்சு அப்போதுதான் உட்கார்ந்தான்.

“நீ அந்த வேலைக்குப் போறதா இருந்தா போ. எனக்குக் கோபம் இல்ல. உன் கஷ்டம் உனக்கு. ஆனா நான் வரைய மாட்டேன்.”

சொல்லி முடித்ததும் கைப்பேசியை எடுத்தார். அந்த அல்சூர்க் கல்யாணத்தில் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள ஒரு கிரேன் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியைச் சந்தித்திருந்தோம். புதிதாகச் சேரும் தொழிலாளர்கள் பாதுகாப்பு வகுப்பில் தூங்கிவிடுகிறார்கள் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். கௌதமி அவரை அழைத்து, “சார், தூங்க முடியாத மாதிரி ஒரு வகுப்பு செஞ்சு தரட்டுமா?” என்றார். எங்கள் எதிரிலேயே, அந்த நாற்காலியிலேயே. வேண்டாம் என்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை. மஞ்சு அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஆயித்து பிடு, சரி விடு. ஃபேக்டரிக்கு எப்ப போகணும்?” என்றான்.

அந்தத் தொழிற்சாலை வேலை எங்களைப் பல மாதம் தாங்கியது. கிரேன் இயக்குபவராக நீங்கள் பாரத்தைத் தூக்கி, கீழே நடக்கும் ஆட்கள்மேல் படாமல் நகர்த்த வேண்டும். தப்பாகத் தூக்கினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். கேபிள் ஒயருக்காக நான் எழுதிய நிரல் அங்கே கிரேனின் இரும்புக் கயிறாக மாறியது. ஒப்பந்தம் போடும் நாளில் அவர்கள் தரப்பில், செய்யப்படும் நிரல் முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். கௌதமி விரலால் அந்த வரியைத் தொட்டார்.

“சார், கிரேன் உங்களுது. விபத்துக் கதை எல்லாம் உங்களுது. கயிறு மட்டும் எங்களுது. அதை வாடகைக்குத்தான் தருவோம்.”

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வரியை மாற்றிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கயிறு எங்களுடையதாக இருக்கிறது. எங்கள் இரண்டாவது கேமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதல் தவணை வந்ததும் கௌதமி மஞ்சுவின் பங்கைத்தான் முதலில் கொடுத்தார். குழந்தை பிறந்திருந்தது. தன் பங்கில் அவர் வாங்கியது ஒரு புது அலுமினிய ஏணி. அதை ஆட்டோவின் மேல் கட்டி ஆஸ்டின் டவுனுக்கு எடுத்துப் போனோம். வீட்டு வாசலில் ஆனந்த் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கௌதமி வெளியே நின்று, “சாவகாசமா வா. ஏணி எங்கேயும் போகாது” என்றார். மறுவாரம் அவன் வேலைக்குப் போனான். இன்றுவரை போகிறான்.

‘மாடிக்கு மாடி’ வெளிவந்தது. கடைப் பெயர்ப் பலகைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் அப்படியே விட வேண்டும் என்பதில் கௌதமி விட்டுக்கொடுக்கவில்லை. எங்களை அது பணக்காரர்களாக்கவில்லை. மெதுவாக, சிறுகச் சிறுக விற்றது. விற்றுக்கொண்டே இருக்கிறது. அடுத்த கேமைத் தொடங்க அது போதுமானதாக இருந்தது. கௌதமி கேட்டதும் அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் அறுவை சிகிச்சை. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். நானும் மஞ்சுவும் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறை அமைதியாக இருந்தால் அந்த வால்வின் ஓசை வெளியே கேட்டது, கைக்கடிகாரம் மாதிரி. மஞ்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாத மஞ்சு. மைக் கொண்டாந்தியா?” என்றார்.

“ஏன்?”

“நல்லா கிளியரா கேக்குது பாரு. ரெக்கார்ட் பண்ணு. வெடிகுண்டு டைமருக்கு யாராவது வாங்குவான்.”

அவன் மைக் கொண்டுபோயிருக்கவில்லை. அடுத்த முறை கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை கொண்டுபோனான். பதிவும் செய்தான். அந்தத் தொகுப்பு இப்போதும் விற்பனையில் இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாது.

நம்மில் பலருக்குக் கௌதமி பழக்கமானது அதற்குப் பிந்தைய வருடங்களில்தான். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் மாடி அறையை மாதம் ஒரு ஞாயிறு மதியம் கேட்டு வாங்கி, கேம் செய்கிறவர்களை அழைத்தார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பது எப்படி, எந்த வேலையை மறுப்பது, எந்தப் பொருளை விற்கலாம், எதை விற்கக் கூடாது, எல்லாவற்றையும் திறந்து சொன்னார். எங்கள் ஒப்பந்தத்தின் நகலையே எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் வீடு திரும்பும்போது நான் கேட்டேன்: “நம்ம கஸ்டமரை நாமே இவங்களுக்குத் தூக்கிக் குடுக்கறோமே?”

“ரகு, ஒவ்வொருத்தனும் தனித்தனியா கம்மி ரேட் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் சாகறோம். நாலு பேருக்கு ரேட் தெரிஞ்சா நமக்கும் நல்லது.”

அந்த அறையில் ஒரு பெண் வழக்கமாக வருவார். பகலில் வங்கி ஒன்றில் வேலை. வார இறுதியில் கேம். அவர் கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் எல்லாருமே கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தோம்: “அக்கா, இது சரிப்படாதுன்னு எப்ப முடிவு பண்றது? எப்ப விடறது?” கௌதமி யோசித்துவிட்டுச் சொன்னார்: “தெரியலமா. நான் இன்னும் விட்டுப் பார்க்கலை.”

என்னிடம் தனியாக இன்னொரு பதில் சொன்னார். அது அவர் போவதற்கு முந்தைய வாரம். இரண்டாவது கேமில் ஒரு பெரிய பகுதியைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். நல்ல சம்பளம், காப்பீடு, வாரம் இரண்டு நாள் விடுமுறை. அவர் கோபப்படவில்லை. என் நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“விடறதுன்னு தோணுச்சுன்னா ஒரு நாள் குறிச்சுக்கோ. தப்பே இல்ல. அந்த நாள் வரும்போது காலையில எழுந்து பாரு. அன்னிக்கு நம்ம கேம்ல செய்ய வேண்டிய வேலை ஒண்ணு பாக்கி இருந்தா, அந்த நாளைத் தள்ளி வை.”

“வேலை எப்பவும் பாக்கி இருக்குமே” என்றேன்.

“அப்ப எப்பவும் தள்ளி வை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தகனம் முடிந்து எல்லாரும் போன பிறகு நானும் மஞ்சுவும் ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னால் நின்றிருந்தோம். நான் அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது மஞ்சுவுக்கும் தெரியும். புறப்படும்போது, “நாளே காலை பர்த்தீயா?” என்றான். நாளைக் காலை வருவாயா என்று கேட்கிறான்.

வருகிறேன் என்றேன்.

மறுநாள் முட்டைக் கடை மேலிருக்கும் அறையைத் திறந்தோம். கௌதமி பாதியில் விட்ட ஓவியங்கள் திரையில் அப்படியே இருந்தன. அவற்றை முடித்துத் தர அந்த வங்கிப் பெண் முன்வந்திருக்கிறார். சும்மா செய்து தருகிறேன் என்றார். கௌதமியின் அறையில் யாரும் சும்மா வேலை செய்வதில்லை என்று சொல்லி, கூலி பேசித்தான் ஒப்புக்கொள்ளவைத்தோம். ஞாயிறு மதியக் கூட்டமும் வழக்கம்போல நடக்கும். வருகிறவர்கள் வரலாம்.

அவருடைய ஓவியங்கள் என்னிடம் இருக்கின்றன என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவை விற்பனைக்கு இருக்கின்றன. அவர் விரும்பியபடியே யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவர் கடைசியாகச் சொன்ன யோசனை ஒன்றுதான். அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு, வரவில்லை என்று நன்றி சொல்லி எழுதிவிட்டேன். கேம் வேலையை விடுவதற்கென்று ஒரு நாளையும் குறித்துக்கொண்டேன். அந்த நாள் வந்தது. காலையில் எழுந்து பார்த்தேன். வேலை பாக்கி இருந்தது.

தள்ளி வைத்துவிட்டேன்.